வெறுந்தாளுக்கு நான் போட்ட சைபர்

1

“நீங்கள் ஒப்புக்கொண்டபடி” என்று தொடங்கியிருந்தது கடிதம். என் மகள் மதி படிக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. வரும் பருவத்திலிருந்து அவளைக் கணக்கில் கீழ்ப்பிரிவுக்கு மாற்றப்போகிறார்களாம். நேரில் வந்து பேசிச் சம்மதம் தெரிவித்ததற்காக எனக்கு நன்றியும் சொல்லியிருந்தார்கள்.

நான் எதற்கும் சம்மதம் தெரிவிக்கவில்லை.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கிலாந்தின் வடக்கே நாங்கள் இருக்கும் இந்த ஊரில் பதினாலு வயதில் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள். மேல்பிரிவுப் பிள்ளைகள் எழுதும் பரீட்சை கல்லூரி வாசல்வரை கூட்டிக்கொண்டு போகும். கீழ்ப்பிரிவுக்கு வேறு பரீட்சை. அது பெரும்பாலும் வேலை தேடும் வரிசையில் கொண்டுபோய் நிறுத்தும். இடையில் மேலே ஏறிக்கொள்ள வழி உண்டு என்பார்கள். ஏறியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பார்ப்பதுதான் என் உத்தியோகம் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். நான் பொருளாதாரம் படித்தவள். பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வரும் பிள்ளைகளுக்கு என்னென்ன திறன் வாய்த்திருக்கிறது, அதில் அரசு செய்தது என்ன, செய்யாமல் விட்டது என்ன என்று அளக்கும் ஆராய்ச்சிப் பிரிவில் ஏழெட்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன்.

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். என் கணவர் பெரம்பலூர்க்காரர். லேசில் பதற மாட்டார். ரொட்டியைக் கடித்தபடியே கேட்டார்:

“நீ தலைய ஆட்டுனியா?”

“எப்ப?”

“அந்த வாத்தியாரு பேசறப்ப.”

யோசித்துப் பார்த்தேன். ஆட்டியிருக்கிறேன். ஒருவர் பேசும்போது, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், மேலே சொல்லுங்கள் என்று நாம் ஆட்டுவோமே, அப்படி. அந்த மனிதர் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் என் தலையைப் பார்த்துவிட்டு எதிரில் இருந்த தாளில் ஒரு டிக் போட்டுக்கொண்டே வந்தார்.

“அப்பறம் என்ன? புள்ளய தாரை வாத்துக் குடுத்துட்டு வந்திருக்க” என்றார்.

நான் சிரிப்பேன் என்று நினைத்துத்தான் சொன்னார். நான் கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தேன். பத்து வருஷம் இங்கே குப்பை கொட்டியும் தலையை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

2

நான் தலையாட்டிய அந்தச் சந்திப்பு அதற்கு முந்தைய வாரம் நடந்தது. கணக்கு ஆசிரியர் உயரமானவர், மெல்லப் பேசுகிறவர். மேஜைமேல் மதியின் தாளை விரித்து வைத்தார். பிரிவுகளை முடிவு செய்யும் பரீட்சையில் அவள் கொடுத்த தாள். மேலே பெயர், வகுப்பு, தேதி, எல்லாம் அவளுடைய குண்டுகுண்டான எழுத்தில். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. நான்கு பக்கமும் வெறுமை.

“ஒரு மணி நேரமும் பென்சிலை அவள் கையில் எடுக்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்” என்றார்.

போன வருஷம்வரை தொண்ணூறு வாங்கியவள் என்றேன். அவருக்கும் அது தெரிந்திருந்தது. சில பிள்ளைகளுக்கு இந்த வயதில் இப்படி ஆகும் என்றார். பிறகு, எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார்:

“கணக்கு அவளுக்குச் சுமையாகிவிட்டது. கைவேலைப் பாடங்கள்தான் அவளுக்குப் பொருத்தம். அவற்றில் மகிழ்ச்சியாக இருப்பாள்.”

அதன்பிறகு அவர் சொன்ன எதுவும் சரியாக உள்ளே போகவில்லை. அநேகமாக அப்போதுதான் தலையை அதிகம் ஆட்டியிருப்பேன்.

அந்த வாக்கியம் எனக்குத் தெரிந்த வாக்கியம். எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் எழுதியது. இந்த ஊர்ப் பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில், பச்சை அட்டை போட்ட என் ஆய்வேட்டில் இன்னும் இருக்கிறது. பொருத்தம், மகிழ்ச்சி, இரண்டு சொல்லும் அதே வரிசையில்.

3

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அரியலூரும் பெரம்பலூரும் திருச்சி மாவட்டத்தின் தாலுகாக்கள். என் பெற்றோர் அரியலூர் டவுனில் இருந்தார்கள். மூன்று வயது மதியை அம்மாவிடம் விட்டுவிட்டு, இரண்டு தாலுகாவிலும் ஊர் ஊராகப் போய் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்தேன். படிக்க ஒரு பத்தி, போட பத்துக் கணக்கு. மெட்ராஸில் நான் தொடங்கியிருந்த ஆராய்ச்சிக்காக, பள்ளிக்கூடம் பிள்ளைக்கு என்ன தருகிறது என்று அளப்பதாக ஏற்பாடு.

பள்ளிக்கூடங்களுக்குள் நுழைய அனுமதிக் கடிதம் வேண்டும். அதற்குத் திருச்சியில் ஒரு கையெழுத்து, பெரம்பலூரில் ஒன்று, பெரம்பலூர்க் கையெழுத்து செல்லும் என்று சொல்ல மறுபடியும் திருச்சியில் ஒன்று. மூன்றாம் முறை போனபோது ஆபீசில் இருந்த குமாஸ்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“எதுக்கும்மா இவ்ளோ அலைச்சல்? பசங்களுக்குக் கணக்கு வராதுன்னு எங்களுக்கே தெரியும். அத நீங்க வேற எழுதி வாங்கணுமா?”

“வருதான்னு பாக்கத்தாங்க போறேன்” என்றேன்.

“பாருங்க, பாருங்க. வந்துச்சுன்னா எங்களுக்கும் ஒரு கடுதாசி போடுங்க.”

பாடாலூர்ப் பக்கம் நன்றாகவே வந்தது. நெடுஞ்சாலையில் நிற்கும் லாரிகளுக்குள் எட்டி வெள்ளரிப்பிஞ்சு விற்கும் பிள்ளைகள். புதுத்தாள், புது ஆள், எதற்கும் கூச்சப்படவில்லை. நான் சொல்லி முடிப்பதற்குள் எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

பிறகு ரெட்டிபாளையத்துக்கும் அப்பால் ஒரு ஊர். பெயர் வேண்டாம். பிள்ளைகளின் பெற்றோர் முக்கால்வாசிப் பேர் நிலமில்லாதவர்கள். சுண்ணாம்புக்கல் குழியில் வெட்டவும் லாரியில் ஏற்றவும் போனவர்கள். ஒரே ஆசிரியர், ஓர் அறை, ஒரு தாழ்வாரம். ஆசிரியரைக் கோவிந்தன் என்று வைத்துக்கொள்வோம். தாள்களை அவரிடம் கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்து வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டேன். வருகைப் பதிவேட்டை நகல் எடுக்க வேண்டியிருந்தது; பஸ்ஸையும் பிடிக்க வேண்டும். நான் தாழ்வாரத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். உள்ளே பலப்பங்கள் சிலேட்டில் கிறீச்சிடும் சத்தம் கேட்டபடியே இருந்தது. ஒரு மணி நேரமும் கேட்டது. பரீட்சைக்குத் தாள் கொடுத்திருக்கிறேன், சிலேட்டுக்கு இங்கே என்ன வேலை என்று எனக்குத் தோன்றவேயில்லை.

அரியலூருக்கு வந்து கட்டைப் பிரித்தேன். ஒரு தாளில்கூட எழுத்து இல்லை. மடிப்புகூட இல்லை. மூலைகளில் மட்டும் வெள்ளையாகத் தூள் ஒட்டியிருந்தது, விரல் பட்ட மாதிரி. அட்டவணையில் அழுக்கு சேரக்கூடாதே என்று ஒவ்வொரு தாளாகத் தட்டிவிட்டு அடுக்கினேன். பிறகு அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நேரே, வரிசையாக, சைபர் போட்டேன்.

4

இரண்டு நாள் கழித்து அரியலூர் பஸ் ஸ்டாண்டில் பெரம்பலூர் பஸ் ஏற நின்றிருந்தேன். கோவிந்தன் சார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. பின்னால் கேரியரில் ஒரு பெண், ஒன்பது வயது இருக்கும், இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டு.

“தாளெல்லாம் வெறுமையா இருந்துச்சாம்மா?” என்றார், இறங்குவதற்கு முன்பே.

“ஆமாங்க சார்.”

“என் தப்புதான். மெட்ராஸ்லேர்ந்து அச்சடிச்சுக் கொண்டாந்த தாளு, கறை படாம திருப்பிக் குடுக்கணும்னு சொல்லிட்டேன். பழக்கதோஷம். இன்ஸ்பெக்டர் வந்தாலும் அப்படித்தான், அவரு கொண்டாந்தத அப்படியே பத்திரமா குடுத்துருவோம். புள்ளைங்க பூராத்தையும் சிலேட்டுல போட்டாங்க. நான் பாத்தேன். சரி போட்டேன். அப்பறம் அழிச்சிட்டாங்க.”

“அழிச்சிட்டாங்களா?”

“சிலேட்டுன்னா அழிக்கத்தானம்மா செய்வாங்க.”

நான் என் பையை மார்போடு அணைத்துக்கொண்டேன். எல்லாப் பள்ளிக்கூடமும் முடிந்திருந்தது. அடுத்த வாரம் நான் மெட்ராஸ் போயாக வேண்டும். வெளிநாட்டு உதவித்தொகைக்கு விண்ணப்பம் அந்த அட்டவணைக்காகக் காத்திருந்தது.

“தாள்ல இருக்கறதத்தான் நான் எடுத்துக்க முடியும் சார். ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஒரு விதி, இன்னொண்ணுக்கு வேற விதின்னு வச்சா அப்பறம் ஆராய்ச்சியே இல்ல.”

“நான் ஆராய்ச்சிக்குக் குறுக்க வரலம்மா. இன்னொருக்கா வந்து வாயால கேளுங்க. அதான் இந்தப் புள்ளயக் கூட்டியாந்தேன். அஞ்சல, அம்மா கேக்கறதுக்குப் பதில் சொல்லு.”

அஞ்சலை என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. படியில் தொங்கிக்கொண்டிருந்த கண்டக்டருக்குத்தான் பொறுமை போய்விட்டது.

“என்னய்யா நடக்குது? நான் கேக்கறேன். இந்தா பாப்பா, உள்ள ஒக்காந்திருக்கறது நாப்பத்தெட்டு, நிக்கிறது பதினெட்டு. வழியில பாதிப் பேரு எறங்கிட்டா மீதி எத்தினி?”

“முப்பத்திமூணு” என்றாள், கண்ணை எடுக்காமல். “ஆனா கேட்ட எடத்துல நீங்க நிப்பாட்ட மாட்டீங்க.”

ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். “குழிக்கு வர்ற லாரியெல்லாம் இதுகிட்டதான் லோடு கணக்கு சொல்லிட்டுப் போவணும்” என்று கோவிந்தன் சார் பெருமையாகச் சொன்னார். கண்டக்டர் அவள் தலையில் லேசாகத் தட்டினார்.

“தேறிட்ட போ. ஏறும்மா, ஏறு. மீதிப் பேச்ச வூட்ல வச்சுக்கங்க.”

நான் ஏறிவிட்டேன். “பாக்கறேங்க சார்” என்று மட்டும் சொன்னேன். பஸ் திரும்பும்போது அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அஞ்சலை கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

சைபர்களை மாற்றவில்லை. இங்கே வந்து ஆய்வேட்டை முடிக்கும்போது, குழிவேலைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு எண்ணறிவு மிகக் குறைவு, கைத்தொழில் பயிற்சியே அவர்களுக்குப் பொருத்தம், அதில் மகிழ்ச்சியாக இருப்பார்கள் என்று எழுதினேன். என் பேராசிரியர் அந்த வரிக்கு அடியில் கோடு போட்டு ‘நன்று’ என்றார். சுருக்கம் ஒன்றை முறைப்படி ஊர் ஆபீசுகளுக்கும் அனுப்பிவைத்தோம்.

அடுத்த வருஷம் அம்மா ஒரு கடிதத்தில், கோவிந்தன் சாரைச் சந்தையில் பார்த்ததாக எழுதியிருந்தாள். அவருடைய பள்ளிக்கூடத்தில் மத்தியானக் கணக்கு நேரத்தை எடுத்துவிட்டுக் கயிறு திரிக்கச் சொல்லிவிட்டார்களாம். என் அறிக்கையால்தானா? யார் கண்டது. அப்போது அப்படி ஏற்பாடுகள் பல இடங்களிலும் வந்தன. கடிதத்தை மடித்து வைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை, கேட்டால் பதில் வந்துவிடும் என்று.

5

‘ஒப்புக்கொண்டபடி’ கடிதம் வந்த அன்று மதி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் அறை வாசலில் போய் நின்றேன்.

மதியோடு பேசுவது இப்போதெல்லாம் கதவுக்கு வெளியே நின்று பேசுவதுதான். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். நாலு வயதில் ஊரை விட்டு வந்தவள். அவளுடைய தமிழ் அந்த வயதோடு நின்றுவிட்டது. சண்டை போடவோ காரணம் சொல்லவோ அதில் சொற்கள் போதாது. அதனால்தான் பேச மாட்டாள் என்று நினைத்திருந்தேன்.

“ஏன்டி எழுதல?”

ஆங்கிலத்தில், தெரியாது என்றாள்.

“கணக்குத் தெரியாதா, ஏன் எழுதலன்னு தெரியாதா?”

நான் போகாமல் நின்றேன். அவள் என்னைப் பார்க்காமல், தமிழில் சொன்னாள்.

“எழுதுனா நீ எண்ணுவ.”

“என்னத்த எண்ணுவேன்?”

“மீதிய. தொண்ணூத்திரெண்டு வாங்கிட்டு வந்தேன்ல, மீதி எட்டு எங்கன்னு கேட்ட. எண்பத்தாறுக்கு மீதி பதினாலு எங்கன்னு கேட்ட. அப்பறம் தாளக் குடுத்தாலே வயித்துக்குள்ள பூச்சி ஓடுது. ஒண்ணுமே எழுதலன்னா மீதின்னு எதுவும் இல்ல.”

வயிற்றுக்குள் பூச்சி ஓடுகிறது என்பது அவள் மூன்று வயதில் அரியலூரில் என் அம்மாவிடம் சொன்ன பேச்சு. அதற்குப் பிறகு பயத்தைச் சொல்ல அவளுக்கு வேறு தமிழ் கிடைக்கவில்லை.

நான் அப்படிக் கேட்பது உண்மைதான். என் அப்பா என்னிடம் கேட்டார், அவருடைய அப்பா அவரிடம் கேட்டிருப்பார். அதில் கோபம்கூடக் கிடையாது. சாப்பிட்டாயா என்பது போல ஒரு விசாரிப்பு. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“அந்தத் தாள்ல இருந்த கணக்கெல்லாம் உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எல்லாமேவா?”

கேட்டுமுடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. மதி திரும்பி என்னைப் பார்த்தாள். அழுகையும் சிரிப்பும் கலந்த ஒரு முகம்.

“பாத்தியா” என்றாள்.

6

மறுநாளே மறுபடி பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலை தன்பாட்டுக்கு ஆடிவிடாதபடி இந்த முறை கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தேன். பல்வலி என்று கணக்கு ஆசிரியர் நினைத்திருப்பார்.

நான் சம்மதிக்கவில்லை என்றேன். தலையாட்டியதற்கு எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்பதை விளக்கினேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது, மன்னிப்புக் கேட்டார். நல்ல மனிதர். ஆனால் தாளை மறுபடி எடுத்து வைத்தார்.

“இது வெறுமையாக இருக்கிறதே. எழுதப்பட்டதைத்தான் என்னால் திருத்த முடியும். உங்கள் மகளுக்கு மட்டும் தனி விதி வைத்தால் மற்றவர்களுக்கு என்ன சொல்வேன்?”

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் நான் நின்ற இடத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். அதைவிட நியாயமாகப் பேச யாராலும் முடியாது. எனக்கு அந்த நியாயம் முழுதும் மனப்பாடம்.

“நானும் ஒருமுறை இதையே சொன்னேன்” என்றேன். “சொன்னது தப்பு.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சிலேட்டு, பலப்பச் சத்தம், மூலையில் இருந்த தூளை நான் தட்டிவிட்டது, சைக்கிள், கண்டக்டரின் கேள்வி. பதற்றம் வந்தால் என் ஆங்கிலத்தில் இறந்தகாலமும் நிகழ்காலமும் இடம் மாறிவிடும். அஞ்சலை இன்னும் பஸ் ஸ்டாண்டிலேயே நிற்பதுபோல் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் திருத்தவில்லை. என் மகளின் தாள் வெறுமையாக இருப்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது, அந்தக் காரணம் கணக்கு அல்ல, நான்தான் என்றேன். அதைச் சொல்ல எனக்கு இரண்டு முறை தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

அவர் மதியின் தாளை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு கேட்டார்:

“அந்தப் பெண் என்ன ஆனாள்?”

“தெரியாது.”

இப்போது அவளுக்கு இருபது வயது இருக்கும். பதினோரு வருஷத்தில் முதல் ஆளாக ஒரு இங்கிலாந்துக்காரர் அவளைப் பற்றிக் கேட்கிறார். சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. பிள்ளைகளின் திறன் எங்கே போய்ச் சேர்கிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை என்று முதல் பக்கத்தில் எழுதிவிட்டேன். அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

அவர் நாட்குறிப்பைத் திறந்தார். “வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம், என் அறையில். அதே தரத்தில் வேறு தாள். அவளோடு இன்னும் யாருடைய தாளாவது வெறுமையாக இருந்ததா என்று பார்க்கிறேன். இருந்தால் அவர்களையும் கூப்பிடுகிறேன். அப்போது அது தனி விதி இல்லை. ஆனால் இந்த முறையும் அவள் எழுதாவிட்டால் என்னால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. சரிதானே?”

கன்னத்திலிருந்து கையை எடுக்காமல், வாயால், “சரி” என்றேன்.

7

வியாழக்கிழமை முழுதும் எதையாவது துடைத்துக்கொண்டிருந்தேன். “வூட்டுத் தரை தேஞ்சுடப் போவுது” என்றார் என் கணவர். நூலகத்துக்குப் போய் என் ஆய்வேட்டை எடுத்து, அந்த வரியைப் பார்த்துவிட்டு வந்தேன். அதில் கைவைக்க எனக்கு உரிமை இல்லை, நூலகத்தின் சொத்து. கோவிந்தன் சாருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறாரா என்பது தெரியாது. அம்மா முகவரிக்கு அனுப்பினேன், விசாரித்துக் கொடுக்கச் சொல்லி. அதில் ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது. மதியின் கணக்கு வாத்தியார் அஞ்சலையைப் பற்றி என்னிடம் கேட்ட அதே கேள்வி.

வெள்ளிக்கிழமை காலையில் மதி கிளம்பினாள். நன்றாக எழுது என்று சொல்லக்கூடாது, பயப்படாதே என்றும் சொல்லக்கூடாது என்று முடிவு செய்திருந்ததால் சொல்வதற்கு எதுவும் மிஞ்சவில்லை. அவள்தான் வாசலில் நின்று, “போயிட்டு வரேன்” என்றாள். அதையும் அவள் தமிழில் சொல்லி நாளாகியிருந்தது.

நாலு மணிக்கு வந்தாள். பையைக் கீழே போட்டாள். சமையலறைக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். எப்படி எழுதினாய், எத்தனை விட்டாய், கடைசிக் கணக்குக்கு நேரம் இருந்ததா, எல்லாக் கேள்வியும் என் தொண்டையில் வரிசை கட்டி நின்றன. நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். தாளைத் திருத்திவிட்டார்களா, எந்தப் பிரிவு என்று இதை எழுதும் நேரம்வரை எனக்குத் தெரியாது.

தோசையைத் தட்டில் போட்டு வைத்தேன். அவள் கையை நீட்டினாள். வலது உள்ளங்கையின் ஓரம், சுண்டுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டுவரை, கறுப்பாக மினுங்கியது. பென்சில் கறை. தாளின் மேல் நெடுநேரம் கை தேய்ந்தால்தான் அவ்வளவு ஏறும்.

கை கழுவிவிட்டு வா என்பது பத்து வருஷமாகத் தினமும் நான் சொல்வது. அன்றைக்கும் வாயெடுத்தேன். அப்புறம் சட்னியை மட்டும் அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன். அந்தக் கையாலேயே பிட்டுச் சாப்பிட்டாள்.